அபினும் சாராயமும்: சமயம், பொருளாதாரம், சபையின் பொறுப்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிதம்பரத்திற்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில், நமது பொறுப்பிலிருந்த சபையின் ஆலயத்திற்கு மதிற்சுவர் எழுப்பப் பணம் தேவைப்பட்டது. சபையார் ஒருவர் பெருந்தொகையை மனமுவந்து அளித்தார். மதுக்கடையை ஒட்டிய அருந்தகத்திற்குத் தம் கட்டடத்தை வாடகைக்கு விட்டதால் வந்த பணம் அது என்பது ஊரறிந்த செய்தி. சபைக் குழு தயங்கவில்லை. நாமும் ஜெபித்து வாங்கிக்கொண்டோம். அதே ஆண்டு அறுவடைப் பண்டிகைக்கு முந்திய வாரத்தில், நாற்பது வயதை எட்டாத கூலித்தொழிலாளர் ஒருவரை அடக்கம் செய்தோம். குடியே அவரைக் கொன்றது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் அவர் மனைவி, "ஐயா, எங்க வீட்டுக்காரர் கூலியும் இந்தச் சுவத்துலதான் இருக்குது" என்றார். அச்சொல்லுக்கு நம்மிடம் அன்று விடையில்லை. விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

போதைப்பொருள், பொருளாதாரம், சமயம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிப் பிணைகின்றன என்பதைத் தெளிவாகக் காண்பதற்கு, நம் அண்டை நாடாகிய பர்மா, அதாவது இன்றைய மியன்மார், நல்லதொரு கண்ணாடியாகும். முதலில் அங்கே நோக்கிவிட்டுப் பின்னர் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் திரும்புவோம்.

1. பர்மாவின் அபின்

பௌத்தரின் ஐந்து சீலங்களில் ஐந்தாவது, மயக்கந்தரும் பொருள்களை விலக்குவதாகும். மேலும், இல்லறத்தார் செய்யத்தகாத வாணிகங்களுள் மதுவாணிகத்தையும் நஞ்சு வாணிகத்தையும் பௌத்த மறை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. இத்தகைய சமயம் வேரூன்றிய நாட்டில் அபின் எவ்வாறு நிலைபெற்றது?

1824 முதல் 1885 வரை நடந்த மூன்று போர்களின் வாயிலாகப் பர்மா படிப்படியாகப் பிரிட்டிஷார் வசமாயிற்று. இந்தியாவில் அபின் அரசின் தனியுரிமைப் பொருள். கங்கைச் சமவெளியில் விளைந்து, பாட்னாவிலும் காசிப்பூரிலுமிருந்த அரசாங்கத் தொழிற்சாலைகளில் உருவான அபின், உரிமம் பெற்ற கடைகள் வழியே பர்மாவிலும் விற்கப்பட்டது. அங்கு முதன்மை ஆணையராயிருந்த சார்லஸ் எயிட்சிசன் 1880இல் எழுதிய அறிக்கையில், அபின் பர்மிய மக்களைச் சீரழிக்கிறது என எடுத்துக்காட்டினார். 1890களில் பர்மியருக்கு அபின் விற்பது தடைசெய்யப்பட்டது. ஆயினும் பதிவு செய்துகொண்ட பழைய பழக்கத்தாருக்கும், சீனருக்கும் இந்தியருக்கும் விற்பனை தொடர்ந்தது. 1893இல் அமைக்கப்பட்ட அரச அபின் ஆணைக்குழு, 1895இல் இந்தியாவில் முழுத்தடை வேண்டியதில்லை என்று முடிவு கூறியது. வருவாய் இழப்பைப் பற்றிய அச்சம் அம்முடிவின் பின்னணியில் இருந்ததென்பது மறைபொருளன்று.

இங்கே திருச்சபையின் கையும் தூயதாயிருக்கவில்லை. லூத்தரன் மிஷனெரியாகிய கார்ல் குட்ஸ்லாஃப், 1832இல் ஜார்டின் நிறுவனத்தின் அபின் கப்பலில் மொழிபெயர்ப்பாளராகச் சீனக் கடற்கரைக்குச் சென்றார். கப்பலின் ஒரு பக்கம் அபின் பெட்டிகள் இறங்கின. மறுபக்கம் அவர் நற்செய்திப் பிரதிகளை வழங்கினார். அதே நூற்றாண்டில், 1874இல், குவேக்கர்கள் முன்னின்று இலண்டனில் அபின் வாணிக ஒழிப்புச் சங்கத்தை நிறுவினர் என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஒரே திருமறையை வாசித்தவர்களே கப்பலிலும் இருந்தனர், கரையில் எதிர்த்தும் நின்றனர்.

1948இல் பர்மா விடுதலை பெற்றது. 1949க்குப் பின் சீனாவிலிருந்து தோற்றோடிவந்த கோமிந்தாங் படையினர் ஷான் மலைநாட்டில் தங்கி, அபினைத் தங்கள் படைச்செலவுக்கு வழியாக்கினர். அன்றிலிருந்து மலைநாட்டில் துப்பாக்கியும் அபினும் இணைபிரியாதனவாயின. மலைக்குடியானவர் அபின்செடியை நாடுவது பேராசையினால் அன்று. மலைச்சரிவில் விளையும் நெல் ஆண்டு முழுமைக்கும் போதாது, சாலையில்லை, அபினோ எடை குறைவு, கெடாது, வாங்குபவர் வீட்டு வாயிலுக்கே வருவார், விதைக்கும்போதே முன்பணமும் தருவார். வங்கியில்லாத நாட்டில் அபினே வங்கி. 2022இல் ஆப்கானிஸ்தானத்தில் தாலிபான் தடை விதித்தபின், 2023இல் மியன்மார் 1,080 டன் அபின் விளைவித்து உலகில் முதலிடம் பெற்றதாக ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் அறிவித்தது. 2021இல் நடந்த இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் வாழ்வாதாரம் சிதைந்ததும் இதற்குக் காரணமாகும்.

2014இல் கச்சின் மாநிலத்துக் கிறிஸ்தவர்கள், அங்குள்ள பாப்திஸ்து சபையின் ஆதரவோடு, பாட் ஜசான் என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். அவர்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று அபின் வயல்களை அழித்தனர். 2016இல் வைங்மோ பகுதியில் அவ்வாறு சென்றவர்கள் தாக்குதலுக்கு உள்ளாயினர். தம் பிள்ளைகள் அழிவதைக் கண்ட பெற்றோரின் கொதிப்பை நாம் உணர்கிறோம். எனினும், அவ்வியக்கத்தார் போதைக்கு அடிமையானவர்களை அடித்தும் அடைத்தும் வைத்தனர் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. தீமையை எதிர்க்கும் சபை, தீமைக்கு இரையானவனையே தண்டிக்கும் இடமாகிவிடக்கூடும் என்பது அங்கிருந்து நாம் பெறும் பாடம்.

2. பர்மியச் செல்வமும் சிதம்பரமும்

பர்மா நமக்குத் தொலைவிலுள்ளதன்று. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவின் நெல் வேளாண்மைக்குக் கடனளித்த பெருவணிகர்கள். அவர்கள் கொடுத்தது பணம், அபின் அன்று என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1930ஐ ஒட்டி அவர்கள் அங்கு ஈடுபடுத்திய மூலதனம் ஏறத்தாழ ரூ.75 கோடி என மதிப்பிடப்பட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தது. கடனை அடைக்கவியலாத உழவரின் நிலம் கடனளித்தோர் கைக்கு மாறியது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1930களின் இறுதியில் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. நிலத்தை விரும்பியவர்கள் அல்லர் அவர்கள்; பணம் திரும்பவேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். எனினும், நிலமிழந்தவனுக்கு அவ்வேறுபாடு ஆறுதலாகாது.

நகரத்தார் தம் வருவாயில் ஒரு பங்கை 'மகமை' எனச் சமயப் பணிக்கும் அறப்பணிக்கும் ஒதுக்குவது மரபு. 1929இல் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகம் இத்தகைய கொடையின் மிகச்சிறந்த சான்று. பர்மா முதலிய நாடுகளில் நடந்த வட்டித்தொழிலும் அச்செல்வத்தின் ஊற்றுகளுள் ஒன்று. அப்பல்கலைக்கழகத்தில் பயின்று உயர்ந்த ஏழை மாணவர் எண்ணற்றோர். நம் ஆயர்களின் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. கொடையின் நன்மை உண்மை; அதன் மூலத்தில் ஒருவனுக்கு நேர்ந்த இழப்பும் உண்மை. இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

3. தென்னார்க்காட்டுச் சாராயம்

பர்மாவில் அபின் பெற்றிருந்த இடத்தை நம் மண்ணில் சாராயம் பெற்றிருந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மதுவை அரசின் நிலையான வருவாயாக்கியது. கடலூருக்கு அருகே நெல்லிக்குப்பத்தில் கரும்பாலையும் வடிசாலையும் அடுத்தடுத்து நின்றன. அவற்றை நடத்திய பாரி நிறுவனத்தின் பெயரின் முன்னே நிற்கும் 'ஈ.ஐ.டி.' என்னும் எழுத்துகளின் விரிவு 'கிழக்கிந்திய வடிசாலைகள்' என்பதேயாகும் என்பதைப் பலர் அறியார்.

1937 அக்டோபர் 1இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் தனியுரிமையாயிற்று. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் குறிக்கோளாக வைத்திருக்க, 2023–24ஆம் நிதியாண்டில் மதுவினால் அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.45,855 கோடி. இத்தொகையிலிருந்தும் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கின்றன. குடிப்பவனின் வீட்டுக்கு வரும் உதவியில் ஒரு பகுதி அவன் குடித்த பணமேயாகும். காசிப்பூர் அபினில் நடந்த பழைய கணக்கே இங்கும் வேறு ஏட்டில் எழுதப்படுகிறது.

வருவாய்க்கு வெளியே மற்றொரு வாணிகமும் உண்டு. பெண்ணையாற்றுக்கு அப்பால் சில மைல் தொலைவில் புதுச்சேரி எல்லை. அங்கு மது விலை குறைவு. சாராயக் கடைக்கும் உரிமம் உண்டு. ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர் அனைவரும் இதை அறிவர். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலக்கும்போது நேர்வதோ பெருங்கொடுமை: கல்லீரல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அது கண் நரம்பை அழித்து, உயிரையும் பறிக்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மரக்காணமும் கள்ளக்குறிச்சியும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இறந்தோருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள் என்பதை ஆயர்கள் மறத்தலாகாது.

4. சமயங்களின் நிலை

குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, 1867இல் வடலூரில் பசித்தோர்க்குச் சோறிடும் தருமசாலையை நிறுவிய வள்ளலாரின் நினைவு நாளில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. ஒரு நாள் மூடிப் பல நாள் திறப்பது, சமயத்திற்கு நாம் அளித்துள்ள இடம் யாதென்பதைக் காட்டுகிறது. நம் சபைகளும் இதற்கு விலக்கல்ல. ஆண்டுக்கொருமுறை மதுவிலக்கு ஞாயிறு கொண்டாடிவிட்டு, மற்ற நாள்களில் வாய்மூடியிருக்கிறோம்.

கார்ல் மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட கட்டுரையில் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டார். அக்காலத்தில் அபின் வெறும் போதையன்று. ஏழையின் வலிநிவாரணியும் அதுவே. அவ்வொப்பீட்டில் இகழ்ச்சியோடு ஒரு நோயறிதலும் உண்டு: வலியுள்ள இடத்திலேதான் மயக்கம் தேடப்படுகிறது. நாள் முழுதும் சேற்றில் நின்றவன் மாலையில் மதுக்கடைக்குச் செல்கிறான். அவன் மனைவி ஜெபக்கூட்டத்திற்கு வருகிறாள். அவளுக்கு நாம் தருவதும் வலியை மறக்கச்செய்யும் மருந்து மட்டுமேயானால், மார்க்ஸை மறுக்க நமக்கு வாயில்லை.

5. திருமறையின் ஒளியில்

ஆமோஸ் 2:8 ஏழைகளிடம் தண்டமாய்ப் பிடுங்கிய பணத்தின் திராட்சரசத்தைத் தங்கள் தெய்வத்தின் வீட்டிலேயே குடிப்பவர்களைச் சாடுகிறது. தீர்க்கதரிசியின் கோபம் மதுவின்மேல் மட்டுமன்று, அது வந்த வழியின்மேலும் ஆகும். அப்போஸ்தலர் 19இல் எபேசுவின் தட்டான் தெமேத்திரியு, தேவியின் பெருமைக்காகப் பேசுவதுபோல் தன் தொழிலின் ஆதாயத்திற்காகப் பேசுகிறான். நற்செய்தி வருவாயைத் தொடும்போதுதான் கலகம் எழுகிறது. நம் பிரசங்கத்தினால் ஊரில் எக்கலகமும் எழவில்லையெனில், அது எதையும் தொடவில்லை என்பதே பொருள்.

மத்தேயு 27:6இல் யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் சேர்க்க ஆசாரியர் கூசுகின்றனர். பணத்தைப் பற்றிய கூச்சம் அவர்களுக்கு இருந்தது. சிந்தப்படும் இரத்தத்தைப் பற்றிய கூச்சம் இருக்கவில்லை. ஆகவே கறைபட்ட காணிக்கையை மறுத்துவிட்டால் நாம் குற்றமற்றவராவோம் என எண்ணுவது தவறு. அதனினும் தெளிவான வழியை லூக்கா 19இல் சகேயு காட்டுகிறான். அவன் தேவாலயத்திற்கு மதில் கட்டவில்லை. பாதியை ஏழைகளுக்கும், நாலத்தனையாகத் தான் வஞ்சித்தவர்களுக்கும் தருவதாகச் சொல்கிறான். அநீதியின் செல்வத்திற்கு முதல் உரிமையாளர் ஆலயமன்று, பாதிக்கப்பட்டவரே என்பது இங்கு விளங்குகிறது.

6. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, குடிக்கு அடிமையாதல் நோயென்று உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ளது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேர்ந்து உயிருக்கே ஊறுண்டாகலாம். ஆதலால் உபவாசக் கூட்டத்தில் உறுதிமொழி வாங்கி வீட்டுக்கு அனுப்புவது போதாது. மருத்துவமனைக்கு உடன் செல்லவேண்டும். இரண்டாவது, மீண்டு வருவோர் உள்ள சபையில் திருவிருந்துக் கிண்ணத்தில் புளிக்காத திராட்சைச் சாறு இருத்தல் நலம். மூன்றாவது, நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் பிற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் ஆலயத்திற்கோ பள்ளிக்கோ அருகே மதுக்கடை இருத்தலாகாது என்னும் விதியை ஆயர்கள் அறிந்திருக்கவேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் பெண்கள் பேசும்போது உடன் நிற்கவேண்டும். நான்காவது, மாற்று வாழ்வைப் பற்றிப் பேசாமல் தடையை மட்டும் பேசலாகாது. கடையோடு பிழைப்பும் மூடப்படுகிறவர்களும் நம் சபையார்தாம். ஐந்தாவது, சபையின் காணிக்கைப் புத்தகத்தை ஆண்டுக்கொருமுறையேனும் ஆமோஸின் கண்ணோடு வாசிக்கவேண்டும்.

தொடக்கத்தில் கூறிய மதிற்சுவரை நாம் இடிக்கவில்லை. மறு ஆண்டு சபைக் குழுவில் அந்தத் தாயின் சொல்லை அப்படியே எடுத்துவைத்தோம். நெடிய வாதத்திற்குப் பின், சுவருக்குச் செலவான தொகைக்கு ஈடான பணத்தைத் தவணைகளில் சேர்த்து, குடியினால் தகப்பனை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கு அளிப்பதென்று முடிவாயிற்று. கொடையளித்தவர் சில மாதங்கள் ஆலயத்திற்கு வரவில்லை, பின்னர் வந்தார். தம் கட்டடத்தை இன்னும் அவர் வாடகைக்கு விட்டுத்தான் இருக்கிறார். அவருக்கும் நாம் ஆயரே. அவரோடு அப்பேச்சைத் தொடர்வதும், அந்தத் தாயின் முகத்தை நேர்நோக்கி நடப்பதும் ஒரே ஊழியத்தின் இரு பகுதிகளாகும்.