பலெர்மோவிலிருந்து பார்க்கும் அமெரிக்கா

ஒரு நாட்டின் வரலாறு, இலக்கியம், அரசியல், சமூகம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே பட்டப்படிப்பில் இணைத்துப் பயில்வது அமெரிக்கவியல் துறையின் அடிப்படை. 1930களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவெடுத்த இத்துறை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஃபுல்பிரைட் உதவித்தொகை போன்ற அரசுத் திட்டங்களின் துணையோடு உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ஹைதராபாத் நகரில் 1964ஆம் ஆண்டு இதற்கென ஓர் ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கச் செல்வாக்கை வளர்க்கும் கருவியாக இது பயன்பட்டது என்ற விமர்சனமும் உண்டு.

ஆனால், இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவிலிருந்து பார்த்தால், இது அயலார் கதை அல்ல.

ஒரு கொலை, பல துறைகள்

1909 மார்ச் 12ஆம் தேதி இரவு, பலெர்மோவின் பியாட்சா மரினா சதுக்கத்தில், நியூயார்க் காவல்துறை அதிகாரி ஜோ பெட்ரொசினோ சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் குடியேறியிருந்த இத்தாலியக் குற்றவாளிகளை நாடு கடத்துவதற்கு, அவர்களது பழைய குற்றப் பதிவுகளைத் திரட்டவே அவர் வந்திருந்தார். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இச்சம்பவத்தைக் குற்றவியல் மட்டும் விளக்கிவிடாது. சிசிலியின் வறுமை, அமெரிக்கக் குடியேற்றச் சட்டங்கள், பத்திரிகைகள் தீட்டிய சித்திரம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே படிக்க வேண்டியுள்ளது. அந்தச் சித்திரத்தின் விளைவு பாரதூரமானது. 1891இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பெரும்பாலும் சிசிலியைச் சேர்ந்த 11 இத்தாலியர்களை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து கொன்றது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலியக் குடியேறிகளின் வருடாந்த ஒதுக்கீட்டை நாலாயிரத்துக்கும் கீழே குறைத்தது. இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசியர்களுக்கோ 1917ஆம் ஆண்டுச் சட்டமே கதவை அடைத்திருந்தது.

இன்றைய கேள்வி

கடல் கடந்த அந்தச் சிசிலியர்களின் வழித்தோன்றல்கள், இத்தாலியில் கால் வைக்காமலேயே அந்நாட்டுக் குடியுரிமை கோரும் நிலை நீண்டகாலம் இருந்தது. 2025இல்தான் அது வெகுவாகச் சுருக்கப்பட்டது. மறுபுறம், இத்தாலியக் குடியுரிமை பெறாத தமிழ்ப் பெற்றோருக்குப் பலெர்மோவில் பிறக்கும் பிள்ளை, அங்கேயே தொடர்ந்து வசித்தாலும், 18 வயதுவரை பொதுவாகக் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் குடியுரிமை கோருவதற்கான வசிப்புக் காலத்தைப் பத்திலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு, போதிய வாக்குப்பதிவு இன்றித் தோல்வியுற்றது.

நேற்று வெளியே நிறுத்தப்பட்டவர்களின் நாடு, இன்று யாரை உள்ளே அனுமதிப்பது என்று விவாதிக்கிறது. குடிமகன் யார் என்பதை இரத்தமும் பிறந்த மண்ணும் மட்டுமன்றி, சட்டமும் அச்சமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது. பலெர்மோவின் தமிழ் இளைஞர்களுக்கு அந்தப் படிப்பு, தமது சொந்த நிலையைப் புரிந்துகொள்ளும் வழியாகவும் அமையக்கூடும்.