ஒரே நாள்ல ஜெய்ப்பூர்: கைடை எங்க பேச விடணும், எங்க வேண்டாம்னு சொல்லணும்

ஆபீஸ் வேலையா டெல்லி போறவங்க நிறைய பேர் கேக்கற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்திருக்கேன். "கையில ஒரு நாள் இருக்கு, ஜெய்ப்பூர் பாத்துட்டு வந்துடலாமா? கைடு வெச்சுக்கணுமா, கூகுள் போதுமா?"

சுருக்கமான பதில்: போகலாம், கைடும் வெச்சுக்கலாம். ஆனா அந்த ஒரு நாள் டூர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. தெரியாம போனா ஊரைப் பாத்த மாதிரியும் இருக்கும், பாக்காத மாதிரியும் இருக்கும். நீளமான பதில்தான் இந்த எபிசோட்.

பத்து மணி நேரம் எங்க போகுது?

காலைல 8 மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் 6 மணிக்கு முடிக்கறதா வெச்சுப்போம். மொத்தம் 10 மணி நேரம்.

ஆமேர் கோட்டை ஊருக்கு வடக்கே சுமார் 11 கிலோமீட்டர். போக வர 1 மணி நேரம், உள்ள சுத்திப் பாக்க இரண்டரை மணி நேரம். வழியில ஜல் மஹால். தண்ணிக்கு நடுவுல இருக்கிற மாளிகை, கரையில நின்னு பாக்கறதோட சரி, 15 நிமிஷம் போதும். ஊருக்குள்ள சிட்டி பேலஸ் ஒன்றரை மணி நேரம், ஜந்தர் மந்தர் 1 மணி நேரம், ஹவா மஹால் முக்கால் மணி நேரம். இந்த மூணும் பக்கத்துப் பக்கத்துல, நடந்தே போயிடலாம். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம்.

கூட்டிப் பாருங்க, 8 மணி நேரம் வருது. மீதி 2 மணி நேரம் எங்க போகும்? நீங்க எதுவும் சொல்லலைன்னா அது கடைகளுக்குப் போகும். துணிக்கடை, கல்லு விக்கற கடை, கம்பளக் கடைன்னு மூணு இடம், இடத்துக்கு 40 நிமிஷம். கணக்கு சரியா வந்துடும்.

கடைக்கு ஏன் கூட்டிட்டு போறாங்க?

இதை "ஏமாத்துறாங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதீங்க. பணம் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு பாருங்க. நாள் முழுக்க கார், கைடு எல்லாம் சேத்து நம்பவே முடியாத கம்மி ரேட்டுக்கு ஒரு டூர் கிடைக்குதுன்னா, குறையற பணத்தை வேற யாரோ போடறாங்க. அந்த யாரோதான் கடைக்காரர். நீங்க வாங்கற பொருள் விலையில கைடுக்கும் டிரைவருக்கும் ஒரு பங்கு போகும். அதாவது கம்மியா கொடுத்த டூர் பணத்தை நீங்களேதான் புடவை விலையில சேத்துக் கொடுக்கறீங்க.

கைடு பக்கத்துலேர்ந்தும் யோசிங்க. குளிர்காலத்துல கூட்டம் அள்ளும், மே மாசம் வெயில்ல ஆளே வராது. வருஷம் முழுக்க குடும்பம் நடக்கணும். பேச்சுக்குக் கிடைக்கற கூலியை விட கமிஷன் நிறைய வருதுன்னா அவர் கவனம் எங்க இருக்கும்? ஜந்தர் மந்தர்ல நீங்க ரெண்டாவது கேள்வி கேட்டா, அவர் வாட்ச்சைப் பாப்பார். சரித்திரம் நல்லா தெரிஞ்ச ஆளையும் இந்த ஏற்பாடு அவசரக்காரரா மாத்திடும்.

அதனால மூணு விஷயம் செய்யுங்க.

ஒண்ணு, அரசு லைசென்ஸ் கார்டு இருக்கிற கைடா பாத்து எடுங்க. கார்டைக் காட்டச் சொல்லிக் கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல.

ரெண்டு, கார்ல ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: "பையா, துக்கான் நஹி ஜானா." கடைக்குப் போக வேண்டாம்னு அர்த்தம். பாதி வழியில சொன்னா மனஸ்தாபம், முதல்லயே சொன்னா அது வெறும் பேச்சுவார்த்தை.

மூணு, அப்படிச் சொல்லும்போதே கூலியைக் கூட்டிப் பேசுங்க. கமிஷனை நிறுத்தச் சொல்லிட்டு கூலியிலயும் பேரம் பேசினா அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

ஷாப்பிங் பண்ணணும்னா தாராளமா பண்ணுங்க, ஆனா இடத்தை நீங்க முடிவு பண்ணுங்க. நகைக்கு ஜோஹரி பஜார், துணிக்கும் செருப்புக்கும் பாபு பஜார். பேரம் பேச வராதுன்னா எம்.ஐ. ரோட்ல மாநில அரசோட ராஜஸ்தலி எம்போரியம் இருக்கு. போர்டுல "கவர்மென்ட் அப்ரூவ்ட்"னு எழுதியிருக்கிற கடை எல்லாம் அரசு கடை ஆயிடாது.

ஆமேர்தான் முதல்ல

ஆமேரை காலைலயே முடிக்கச் சொல்றதுக்கு வெயில் ஒரு காரணம். நடந்து ஏறினா கால் மணி நேரம், ஏற முடியாதவங்களுக்கு ஜீப் இருக்கு. யானை சவாரியும் உண்டு. ஆனா அந்த வெயில்ல, அந்தக் கல் பாதையில யானை நாள் பூரா ஆளைச் சுமக்கணுமான்னு யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொரு காரணம், கதையே அங்கதான் ஆரம்பிக்குது. ஜெய்ப்பூர் வர்றதுக்கு முன்னாடி தலைநகரம் ஆமேர்தான். இப்ப நாம பாக்கற கோட்டையை அக்பரோட படைத் தளபதியா இருந்த ராஜா மான் சிங் 16-ஆம் நூற்றாண்டு கடைசியில கட்ட ஆரம்பிச்சார். பின்னாடி வந்தவங்க சேத்துக்கிட்டே போனாங்க. எல்லாரும் போட்டோ எடுக்கற கண்ணாடி மண்டபம் ஷீஷ் மஹால், 17-ஆம் நூற்றாண்டு வேலை.

மேலேர்ந்து கீழ பாத்தா மாவோட்டா ஏரி தெரியும். கோட்டைக்குத் தண்ணி கீழேர்ந்து மேல ஏறியாகணும். சுத்தி மலை இருக்கறதால எதிரி வர்றது கஷ்டம், ஆனா ஊர் பெருசாகறதும் கஷ்டம். கூட்டம் பெருகுது, தண்ணி பத்தல. 1727-ல சவாய் ஜெய் சிங் தலைநகரத்தை மலையிலேர்ந்து சமவெளிக்கு இறக்கினார். இதை மனசுல வெச்சுக்கிட்டு கீழ இறங்கினா, அடுத்து பாக்கப் போற ஊர் வேற மாதிரி தெரியும்.

வரைபடம் போட்டுக் கட்டின ஊர்

ஜெய்ப்பூர் தானா வளந்த ஊர் இல்ல. வங்காளத்தைச் சேந்த வித்யாதர் பட்டாச்சார்யாதான் இதுக்கு வரைபடம் போட்டவர்னு சொல்லப்படுது. ஒன்பது கட்டம், நேர் கோட்டுல தெரு, முக்கிய வீதிகள் ஒவ்வொண்ணும் சுமார் 34 மீட்டர் அகலம். மாட்டு வண்டியும் பல்லக்கும் போன காலத்துல 34 மீட்டர்!

இங்க நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. ஒன்பது கட்டமும் காகிதத்துல அழகா வந்துச்சு, தரையில வரல. வடமேற்கு மூலையில மலை குறுக்க நின்னுச்சு. மலையை நகத்த முடியாது, அதனால அந்தக் கட்டத்தை எடுத்து கிழக்குப் பக்கம் சேத்துட்டாங்க. டிசைன் டாக்குமென்ட் ஒண்ணு, புரொடக்‌ஷன்ல போனது ஒண்ணு. 300 வருஷத்துக்கு முன்னாடியும் அதேதான்.

கைடு நிஜமா தேவைப்படற இடம்

என் கருத்துல கைடு இல்லாம போகவே கூடாத இடம் ஜந்தர் மந்தர். அரண்மனை தானே பேசும். கண்ணாடி மண்டபத்தைப் பாத்தா அழகு யாருக்கும் புரியும். ஜந்தர் மந்தர்ல யாரும் சொல்லலைன்னா அது சிமென்ட் விளையாட்டு மைதானம் மாதிரிதான் தெரியும்.

ஜெய் சிங் டெல்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, மதுரா, வாரணாசின்னு அஞ்சு ஊர்ல வானியல் கூடம் கட்டினார். பெருசு ஜெய்ப்பூர்ல. அங்க நடுநாயகமா நிக்கறது சம்ராட் யந்திரம், 27 மீட்டர் உயர சூரிய கடிகாரம்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம். ஒரு சாய்வான சுவர், ரெண்டு பக்கமும் கால் வட்ட வளைவு. சுவரோட சாய்வு சுமார் 27 டிகிரி. ஜெய்ப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கறதும் 27 டிகிரி. இது தற்செயல் இல்ல. அந்தச் சாய்வு இருந்தாதான் சுவரோட விளிம்பு பூமியோட அச்சுக்கு இணையா, துருவ நட்சத்திரத்தைப் பாத்து நிக்கும். பூமி அந்த அச்சுல சுத்துது, அதனால சுவரோட நிழல் வளைவு மேல ஒரே வேகத்துல நகருது. காலைல மேற்கு வளைவுல விழும், மதியத்துக்கு அப்புறம் கிழக்கு வளைவுல.

ஒரு நொடிக்கு சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு நிமிஷம் நின்னு பாத்தீங்கன்னா நாலு விரல் அகலத்துக்கு நகர்ந்திருக்கும். பூமி சுத்தறதை வெறும் கண்ணால பாக்கறதுன்னா இதுதான். ஓடாம ஒரு நிமிஷம் நிக்கணும், அவ்வளவுதான்.

கைடு "ரெண்டு நொடி துல்லியம்"னு சொல்லுவார். வளைவுல 2 நொடிக்கு ஒரு கோடு இருக்கறது உண்மை. ஆனா நிழலோட ஓரத்தை உத்துப் பாருங்க, மங்கலா இருக்கும். ஏன்னா சூரியன் புள்ளி இல்ல, வானத்துல அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அரை டிகிரியைக் கடக்க 2 நிமிஷம் ஆகும், அதனால நிழல் ஓரமும் அந்த அளவுக்குப் பரவியிருக்கும். கோடு நெருக்கமா இருக்கறது வேற, அளவு சரியா இருக்கறது வேற. நல்ல கைடு ஒரு நூலையோ மெல்லிசான குச்சியையோ நிழல் ஓரத்துல பிடிச்சுக் காட்டுவார். அப்ப எந்த இடத்துல படிக்கணும்னு தெளிவா தெரியும். காட்டலைன்னா நீங்க கேளுங்க.

அடுத்து எல்லாரும் பண்றது, நிழலைப் படிச்சுட்டு போனைப் பாக்கறது. நேரம் பொருந்தாது. "பழசாச்சு, கெட்டுப் போச்சு"ன்னு நினைச்சுடாதீங்க. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்க ரேகையை வெச்சுக் கணக்கு. ஜெய்ப்பூர் சுமார் 75.8 டிகிரில இருக்கு. டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக மொத்தம் 27 நிமிஷ வித்தியாசம். சென்னையில இதே வித்தியாசம் 9 நிமிஷம்தான்.

அதுக்கு மேல, பூமி சூரியனைச் சுத்தற பாதை சரியான வட்டம் இல்ல, அச்சும் சாஞ்சிருக்கு. அதனால இந்த வித்தியாசம் வருஷம் முழுக்க மாறிக்கிட்டே இருக்கும். நவம்பர் ஆரம்பத்துல 10, 11 நிமிஷமா குறையும், பிப்ரவரி நடுவுல 41 நிமிஷம் வரைக்கும் போகும். கடிகாரம் சரியாதான் இருக்கு. நாடு முழுக்க ஒரே நேரம்னு நாம போட்டுக்கிட்ட ஒப்பந்தம்தான் வித்தியாசமா தெரியுது.

இதுக்கு வெயில் வேணும். மேகமூட்டமா இருந்தா வரிசையை மாத்தி, வெயில் வர்ற நேரத்துக்கு ஜந்தர் மந்தரை வெச்சுக்கோங்க. அந்த அளவுக்கு வளைஞ்சு கொடுக்கற கைடுதான் நல்ல கைடு.

கைடு சேத்துச் சொல்லாத கதை

சிட்டி பேலஸ்ல ஆள் உயரத்துக்கு ரெண்டு வெள்ளிக் குடம் இருக்கும், கின்னஸ் புத்தகத்துல இடம் பிடிச்சது. 1902-ல ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்கு மகாராஜா இரண்டாம் மாதோ சிங் லண்டன் போனப்போ, கங்கைத் தண்ணி கொண்டு போன குடம். ஊருக்குள்ள வந்தா இன்னொரு கதை: 1876-ல வேல்ஸ் இளவரசர் வந்தப்போ வரவேற்க ஊருக்கு ரோஸ் கலர் அடிச்சாங்க.

இந்த ரெண்டையும் தனித்தனியா சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே மனுஷன். 1876-ல இளவரசரா வந்தவர்தான் 1902-ல ராஜாவா முடிசூட்டிக்கிட்டார். ஒரு தடவை அவருக்காக ஊரே நிறம் மாறுச்சு, இன்னொரு தடவை அவருக்காக கங்கை கப்பல் ஏறுச்சு. ஒரு சமஸ்தானம் பிரிட்டிஷ் அரசு கிட்ட எப்படி நடந்துக்கிட்டதுன்னு இதுக்கு மேல பாடம் வேண்டாம்.

ஹவா மஹால், 1799-ல பிரதாப் சிங் கட்டினது. ரோட்லேர்ந்து எல்லாரும் போட்டோ எடுக்கற அந்த 953 ஜன்னல் பக்கம் கட்டடத்தோட பின்பக்கம். வாசல் அந்தப் பக்கம் சுத்திப் போகணும். பாதி டூர்ல ரோட்லயே நிறுத்தி "ஹவா மஹால் முடிஞ்சது"ன்னுடுவாங்க. உள்ள போங்க. அரண்மனைப் பெண்கள் வெளிய தெரியாம தெருவைப் பாத்த அந்தச் சின்ன ஜன்னல் வழியா நீங்களும் ஒரு தடவை பாருங்க. போட்டோவுல வராத விஷயம் அது.

கிளம்பறதுக்கு முன்னாடி

டிக்கெட்: ஆமேர், ஜந்தர் மந்தர், ஹவா மஹால் எல்லாத்துக்கும் சேத்து ஒரு காம்போசிட் டிக்கெட் இருக்கு, ரெண்டு நாள் செல்லும். முதல் இடத்துலயே வாங்கிட்டா அடுத்தடுத்த க்யூ மிச்சம். சிட்டி பேலஸ் அதுல வராது. அது ராஜ குடும்பத்து அறக்கட்டளை கையில இருக்கு, தனி டிக்கெட்.

கைடு நல்லவரான்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். ஆமேர்ல இறங்கினதும் கேளுங்க: "இந்தக் கோட்டையை விட்டுட்டு ஏன் கீழ போனாங்க?" தண்ணி, கூட்டம், வியாபாரம்னு அவர் பேச ஆரம்பிச்சா கவலையை விடுங்க, நாள் நல்லாப் போகும். "ராஜாவுக்குத் தோணுச்சு, போனார்"னு முடிச்சா, ஜந்தர் மந்தர்ல மட்டும் அங்கேயே கிடைக்கற வேற ஒரு லைசென்ஸ் கைடை எடுத்துக்கோங்க. செலவாகற காசுக்கு அந்த ஒரு மணி நேரம் பதில் சொல்லும்.

எல்லா இடத்தையும் பாக்கணும்னு ஓடாதீங்க. நஹர்கர், ஆல்பர்ட் ஹால் எல்லாம் விட்டுப் போனா போகட்டும், அடுத்த தடவைக்கு இருக்கட்டும். கடையிலேர்ந்து மீட்ட அந்த 2 மணி நேரத்துல இன்னொரு இடத்தைத் திணிக்காதீங்க. ஏற்கனவே போன இடத்துல இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க.

போயிட்டு வந்தா, நிழலுக்கும் உங்க போனுக்கும் எத்தனை நிமிஷம் வித்தியாசம் வந்துச்சுன்னு தேதியோட எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.