வளையம் அணிந்த குருவி

புரட்டாசி பிறந்ததும் தில்லியிலோ மும்பையிலோ நம் குடியிருப்பின் புல்தரையில், வாலை ஓயாமல் அசைத்தபடி ஓடும் சாம்பல் வாலாட்டியைக் கண்டிருப்பீர்கள். இமயமலையிலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டு வரும் விருந்தாளி அது. ருஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் கோடையைக் கழிக்கும் நாணற் கதிர்க்குருவியும் அவ்வாறே வருகிறது. அதன் எடை ஏறக்குறைய 12 கிராம்தான். ஒன்றுபோலவே தோன்றும் இக்குருவிகளுள், சென்ற ஆண்டு வந்தது எது என்று எவ்வாறு அறிவது? காலில் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டுவதே வழி.

நம் நாட்டில் இப்பணி பெரிய அளவில் நடைபெற்றதற்கு ஓர் அச்சமே காரணம். 1957-ஆம் ஆண்டு, மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன; மனிதரையும் காய்ச்சல் பற்றியது. அந்நோயின் வைரஸ், ருஷ்யாவில் காணப்படும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவாக இருந்தது. வடக்கிலிருந்து வரும் பறவைகள் உடலில் ஒட்டிய உண்ணிகள் வழியே அதைக் கொண்டுவந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன், டாக்டர் சலீம் அலியின் தலைமையில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் களத்தில் இறங்கியது.

பொழுது புலருமுன் புதர்களிடையே மெல்லிய வலைகளைக் கட்டுவார்கள். சிக்கிய குருவியை நெடுநேரம் விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே அடிக்கடி சென்று பார்க்க வேண்டும். பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பீகார் மீர்ஷிகார்கள் இதில் கைதேர்ந்தவர்கள். இறகு நோகாமல் விடுவித்துத் துணிப்பையிலிட்டு நிறுப்பார்கள், சிறகை அளப்பார்கள், உண்ணிகளைச் சேகரிப்பார்கள். கழுத்தடி இறகை ஊதி விலக்கினால் தோலுக்கடியில் மஞ்சள் நிறக் கொழுப்புத் தெரியும். அதுவே வழிப்பயணத்துக்குரிய கட்டுச்சோறு. பிறகு வளையமிட்டுப் பறக்கவிடுவார்கள்.

வைரஸ் அக்காட்டின் உண்ணிகளிடமும் சிறு விலங்குகளிடமுமே குடிகொண்டிருந்தது தெரியவந்தது. பறவைகள் அதைச் சுமந்து வந்தன என்பதற்குச் சான்று கிட்டவில்லை. எனினும் குருவிகளைப் பற்றிய அறிவு வளர்ந்தது. பிற்காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் முண்டந்துறைக் காட்டில் வண்ண வளையமிட்டு ஆராய்ந்தபோது, பச்சைக் கதிர்க்குருவிகள் முந்தைய குளிர்காலத்தில் தங்கிய அதே மரக்கூட்டத்துக்கு மீண்டும் வருவது புலனாயிற்று. (தங்கள் முழுப்பாட்டையும் அவை கூடுகட்டும் நாட்டிலேயே பாடுகின்றன என்பது நமக்குச் சற்று வருத்தமே!)

ஆயிரக்கணக்கில் வளையமிட்டாலும் மீண்டும் கிடைப்பவை மிகச் சில. எனவே வளையம் அணிந்த பறவை இறந்து கிடக்கக் கண்டால், வளையத்திலுள்ள எண்ணையும் எழுத்தையும், கண்ட இடத்தையும் நாளையும் குறித்து மும்பையிலுள்ள அச்சங்கத்துக்கு எழுதுங்கள். உயிருள்ள பறவையானால் எண்ணை மட்டும் படித்துக்கொண்டு, வளையத்தைக் கழற்றாமல் விட்டுவிடுங்கள்.