பழைய வண்டி நீலப் புகை விடுதா? ரிங் மாற்றும் முன் இந்த எண்களைக் கேளுங்க

அப்பா ஓட்டிய பழைய ஸ்ப்ளெண்டர். இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி 800. சிக்னலில் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் பின்னால் நீலப் புகை. மெக்கானிக் ஒரே வரியில் சொல்வார்: "ரிங் போயிடுச்சு சார், இன்ஜினைப் பிரிக்கணும்." அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதைப் பிரிக்கும் முன்பே சோதிக்க வழி இருக்கு. தப்பான காரணத்துக்கு ஒரு தடவை, சரியான காரணத்துக்கு இன்னொரு தடவை என்று கூலி கொடுக்க வேண்டாம்.

ரிங் என்ன செய்கிறது?

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் பிஸ்டனில் வழக்கமாக மூன்று ரிங். மேல் ரிங் எரியும் வாயுவை அடைக்கிறது. நடு ரிங் அதற்குத் துணை, கூடவே ஆயிலையும் வழிக்கும். கீழே இருப்பது ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் மிஞ்சும் ஆயிலைக் கீழே அனுப்பும். இவை தேய்ந்தால் வாயு கீழே கசியும், வண்டியின் இழுவை குறையும். ஆயில் மேலே ஏறி எரியும், அதுதான் நீலப் புகை.

காரணம் ரிங்தானா?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் மட்டும் புகைந்து அடங்கினால், சந்தேகம் வால்வ் சீல் மேல். மேடு ஏறும்போதெல்லாம், முறுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் மேல்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, கேஜ் மாட்டி அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு அதே துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். குறைவாக இருந்த எண் நன்றாக ஏறினால், தேய்ந்தது ரிங் அல்லது சிலிண்டர். ஏறவே இல்லை என்றால் கசிவு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கலாம். முதல் எண்ணே சரியாக இருந்தும் புகை வருதா? வால்வ் சீலையும் ஆயில் ரிங்கையும் பார்க்கணும்.

ரிங் மட்டும் போதுமா?

சிலிண்டரே வட்டம் கெட்டுத் தேய்ந்திருந்தால் புது ரிங் சுவரில் சரியாக உட்காராது. புகை திரும்பி வரும். அதனால் இன்ஜினைப் பிரித்ததும், போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும் இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்க. சர்வீஸ் மேனுவல் வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் செய்து ஸ்டாண்டர்ட் ரிங் போடலாம். தாண்டியிருந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போடணும்.

புது ரிங்கின் வாய் இடைவெளியையும் சிலிண்டருக்குள் வைத்து ஃபில்லர் கேஜால் அளக்க வேண்டும். மேல் ரிங்குக்குப் பொதுவான கணக்கு, போர் விட்டத்தில் 0.4%. ஸ்ப்ளெண்டரின் போர் 50 மிமீ என்பதால் சுமார் 0.20 மிமீ. மாருதி 800-க்கு 68.5 மிமீ, ஆகவே சுமார் 0.27. இறுதி அளவு மேனுவலில் உள்ளதுதான். இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டும், சிலிண்டரைக் கீறும். மாட்டும்போது ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி இருக்கணும்.

செலவு செய்யலாமா?

வண்டியின் வயதையும் கணக்கில் எடுங்க. 15 வருடம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் பைக்குக்கு 300-லிருந்து 1,000 ரூபாயாகவும், காருக்கு 600-லிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

அதையும் கூட்டிப் பார்த்து, செய்யலாம் என்று முடிவெடுத்தால் கம்ப்ரஷன் எண்கள், போர் அளவு, ரிங் இடைவெளி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்க. அளக்காமலே "ரிங் போட்டாப் போதும்" என்று சொன்னால், இன்னொரு பட்டறையில் கேட்டுப் பார்ப்பது நல்லது.