நோய் மறைந்த பின்னும் மருந்து ஏன்?



குழந்தைகளைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோயாகும். அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே பெற்றோரின் உள்ளம் நடுங்குகின்றது. அந்நடுக்கம் இயல்பே. ஆயினும், 1947ஆம் ஆண்டுவரை கண்டறியப்பட்ட சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குழந்தையின் உயிரைக் கவர்ந்து சென்ற இந்நோயின் பிடியிலிருந்து, இன்று செல்வம் மிக்க நாடுகளிலே பத்துக் குழந்தைகளுள் ஏறக்குறைய ஒன்பது பேர் தப்பி வாழ்கின்றனர். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? மாத்தளை மாவட்டத்து உக்குவளையிலே தோட்ட லயமொன்றில் வளரும் குழந்தைக்கும் அதன் பயன் முழுமையாகக் கிட்டுவதற்கு யாது செய்தல் வேண்டும்? இவ்விரண்டு வினாக்களையும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் தன்மையை அறிந்துகொள்வோம். நம் உடலிலே குருதி ஊறும் சுனை என்பு மச்சையாகும். உயிர்வளியைச் சுமந்து செல்லும் செங்குழியங்களும், கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெண்குழியங்களும், காயம்பட்ட இடத்தில் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படும் வகையிலே, முதிர்ச்சியடையாத ஒருவகை வெண்குழியம் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றது. பெருகிய குழியங்கள் தம் கடமையைச் செய்வதில்லை. ஏனைய குழியங்கள் பிறப்பதற்கும் இடம் விடுவதில்லை. ஆகவே, செங்குழியம் குன்றக் குழந்தை வெளிறிச் சோர்கின்றது. நல்ல வெண்குழியம் குன்றக் காய்ச்சல் விடாது தொடர்கின்றது. சிறுதட்டுக் குன்றத் தோலில் காரணமின்றிக் கன்றல்கள் தோன்றுகின்றன. முரசில் குருதி கசிகின்றது. கால் எலும்பு நோகின்றது என்று குழந்தை அழுவதும், கழுத்திலே கட்டிகள் தோன்றுவதும், வயிறு புடைத்திருப்பதும் உண்டு. இரண்டு முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளிடமே இந்நோய் மிகுதி. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. பெற்றோர் செய்த குற்றத்தால் விளைவதுமன்று.

இந்நோய்க்கு எதிராக முதற் கருவி கிடைத்த வரலாற்றிலே நம் அயல்நாட்டிற்குப் பெரும் பங்குண்டு. 1928ஆம் ஆண்டில் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களை வாட்டிய ஒருவகை இரத்தச் சோகையை ஆராய்ந்தார். மார்மைட் என நாம் அறிந்த மதுவச் சாற்றை உண்ணக் கொடுத்தபோது அச்சோகை நீங்கக் கண்டார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருளே பிற்காலத்தில் போலிக்கமிலம் எனப் பெயர் பெற்றது. புதிய குழியங்கள் பிறப்பதற்கு அது இன்றியமையாதது.

அப்போதைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகத சுப்பராவ். அமெரிக்கா சென்று ஆர்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த அவர், 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். அவர் தலைமையில் உழைத்த குழுவினரே போலிக்கமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். பின்னர், அதனைப்போலத் தோற்றமளித்து அதன் வேலையைச் செய்யவிடாது தடுக்கும் போலிப் பொருள்களையும் ஆக்கினர். பூட்டினுள் நுழைந்தும் திறவாத கள்ளச் சாவி போன்றவை இவை. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின்.

பொஸ்டன் நகரிலே குழந்தைகள் வைத்தியசாலையிற் பணியாற்றிய சிட்னி பாபர், குழியம் பெருகுவதற்குப் போலிக்கமிலம் தேவையெனின், அதனைத் தடுப்பது நோய்க்குழியத்தைப் பட்டினி போடுவதாகும் என்று கருதினார். அமினோப்டெரினைப் பெற்று 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகள் தேறினர். வெளிறிய முகத்திற் செம்மை பரவிற்று; படுக்கையிற் கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினர். இச்செய்தி 1948 ஜூன் மாதத்தில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே சுப்பராவ் காலமானார். அவர் குழுவினர் ஆக்கிய மற்றொரு மருந்தாகிய மெதோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்ச் சிகிச்சையில் இன்றியமையாத இடம் பெற்றுள்ளது.

ஆயின், பாபர் கண்ட மகிழ்ச்சி நிலைக்கவில்லை. தேறிய குழந்தைகளிடம் சில மாதங்களில் நோய் மீண்டது. மீண்ட நோய் முன்னைய மருந்துக்குப் பணியவில்லை. ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடியதே அடுத்த இருபது ஆண்டு ஆராய்ச்சியின் சாரம் எனலாம்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நோய் புலப்படும் வேளையிலே குழந்தையின் உடலில் ஓர் இலட்சம் கோடி நோய்க்குழியங்கள் வரை இருத்தல் கூடும். மருந்து அவற்றுள் நூற்றுக்கு 99.9 பங்கை அழித்துவிட்டது எனக் கொள்வோம். குழந்தை தேறிவிடும். நுணுக்குக்காட்டியில் மச்சையைப் பார்த்தாலும் நோய் தென்படாது. எனினும், எஞ்சியுள்ளவை 100 கோடி. 1960களிலே அமெரிக்க அறிஞர் ஹவார்ட் ஸ்கிப்பர் சுண்டெலிகளில் நடத்திய ஆய்வுகள் இரண்டு உண்மைகளைக் காட்டின. ஒரு தடவை கொடுக்கும் மருந்து நோய்க்குழியங்களில் ஒரு குறித்த விகிதத்தையே அழிக்கும் என்பது ஒன்று. எஞ்சி நிற்கும் ஒரே ஒரு குழியமும் மீண்டும் பெருகி எலியைக் கொல்ல வல்லது என்பது மற்றொன்று.

உக்குவளையில் வாழும் நேயர்களுக்கு இதனை விளக்க அவர்கள் ஊரிலேயே உவமை உண்டு. பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே வந்து, உக்குவளை மின்நிலையத்தை இயக்குகின்றது. 1976ஆம் ஆண்டு முதல் இவ்வாறு நடைபெறுகின்றது. மலையின் மேலே நிற்பவனுக்கு ஆறு தெரியாது; ஆயினும், அவன் காலடியிலே ஆறு ஓடிக்கொண்டிருக்கின்றது. நோய் மறைந்த குழந்தையின் நிலையும் அத்தகையதே. மறைவு என்பது வேறு. குணம் என்பது வேறு.

இவ்வுண்மையை உணர்ந்த மருத்துவர்கள் இரண்டு வழிகளை மேற்கொண்டனர். ஒன்று, ஒரு மருந்துக்குத் தப்பிய குழியம் மற்றொன்றுக்குத் தப்பாதபடி, வெவ்வேறு வகையில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தல். 1953ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ், கேர்ட்ரூட் எலியன் ஆகியோரின் ஆராய்ச்சியால் மெர்காப்டோபியூரின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இவ்விருவரும் 1988இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். நம் வீட்டு முற்றங்களிலே பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிறிஸ்டீன் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. எனினும், அச்செடியை வீட்டிலே அவித்துக் குடிப்பது நஞ்சாகும். வைத்தியசாலையில் அளந்து ஏற்றும்போதுதான் அது மருந்தாகின்றது.

மற்றொன்று, நோய் மறைந்த பின்னரும் சிகிச்சையைத் தொடர்தல். மெம்பிஸ் நகரிலே 1962இல் திறக்கப்பட்ட புனித யூதா வைத்தியசாலையின் தலைவராகிய டொனல்ட் பிங்கெல், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததோடு, மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்து மறைந்திருக்கும் நோய்க்குழியங்களுக்கும் தனிச் சிகிச்சை அளித்தார். அதன் பின்னும் மருந்தை ஆண்டுக்கணக்கில் நீட்டித்தார். 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய அவர் ஆய்வொன்றில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் குணம் பெற்றனர். இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்று மருத்துவ உலகம் அன்றுதான் துணிந்து கூறியது.

இஃது செல்வ நாடுகளுக்கே இயலும் என்று எண்ண வேண்டா. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தோன்றிய சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும், பம்பாய், டில்லி நகரங்களின் இரண்டு பெரு வைத்தியசாலைகளும், 1984ஆம் ஆண்டு முதல் ஒரே வகையான சிகிச்சை முறையை மேற்கொண்டன. அதற்கு முன்னர், அங்கே நூற்றுக்கு இருபது நோயாளருக்கும் குறைவானவர்களே நோய் மீளாது வாழ்ந்தனர். புதிய முறையின் பயனாக, நான்கு ஆண்டுகளின் பின்னும் நோயின்றி வாழ்ந்தோர் தொகை நூற்றுக்கு 45 முதல் 60 வரை உயர்ந்தது. பெறற்கரிய புதுமருந்து எதுவும் இவ்வுயர்வைத் தரவில்லை. முன்னரே அறியப்பட்ட மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்ததும், கிருமித் தொற்றிலிருந்து நோயாளரைக் காத்ததுமே இதனை இயற்றின.

இனி, நம் நாட்டுக் குழந்தையிடம் வருவோம். உக்குவளையில் ஒரு குழந்தைக்கு மேற்கூறிய அறிகுறிகள் தோன்றினால், மாத்தளை வைத்தியசாலையிற் செய்யும் எளிய இரத்தப் பரிசோதனையே பெரும்பாலும் முதல் ஐயத்தை எழுப்பும். அங்கிருந்து கண்டிக்கும், மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கும் செல்ல வழியுண்டு. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சில வாரங்களிற் பெரும்பாலான குழந்தைகளிடம் நோய் மறையும். அதன்பின், மேலும் பல மாதங்கள் கடுஞ்சிகிச்சை. பின்னர் வீட்டிலிருந்தே குளிசை உண்ணும் காலம். மொத்தம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்.

இங்கேதான் சோதனை தொடங்குகின்றது. குழந்தை ஓடி விளையாடுகின்றது. தலைமயிர் மீண்டும் வளர்கின்றது. கிளினிக் செல்லும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு நாட்சம்பளம் போகின்றது. பஸ் கட்டணம் வேறு. வீட்டிலே மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. “பிள்ளைக்குத்தான் சுகமாகிவிட்டதே, இனி மருந்து எதற்கு?” என்று அயலாரும் கேட்கின்றனர். அறியாமையன்று, வறுமையும் களைப்புமே இக்கேள்விக்குப் பெரும்பாலும் காரணம். ஆயினும், அதற்குச் செவிசாய்த்தால், மலைக்குள் ஓடும் ஆறு ஒருநாள் வெளிப்பட்டே தீரும்.

குளிசை தவறுவதன் கேட்டை ஆராய்ச்சியும் அளந்து கூறியுள்ளது. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றின்படி, கொடுக்கவேண்டிய மெர்காப்டோபியூரினில் நூற்றுக்கு 95 பங்கிற்குக் குறைவாக உண்ட குழந்தைகளிடம் நோய் மீளும் அபாயம் இரண்டு மடங்கிற்கும் மேலாயிற்று. மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே 95 பங்கிற்குக் கீழே இறங்கிவிடுவோம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

ஆகவே, பெற்றோர் சிலவற்றை நெஞ்சிற் பதித்தல் வேண்டும். மெர்காப்டோபியூரின் நாடோறும் உண்பது; மெதோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை உண்பது. வாரமருந்தை நாள்மருந்தென மயங்கிக் கொடுத்தல் உயிருக்கே ஆபத்தாகும். ஆதலால், அதற்குரிய கிழமையை நாட்காட்டியிற் குறித்து வையுங்கள். இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் பணி. அதனை வீட்டில் மாற்றலாகாது. காய்ச்சல் கண்டால் மறுநாள்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், இரவேயாயினும் தாமதிக்கலாகாது. சின்னம்மை கண்ட பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

அயலாருக்கும் கடமையுண்டு. கிளினிக் நாளிலே மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த லயத்து அம்மாவும், அந்நாளில் விடுமுறை கொடுக்கும் தோட்டத் துரையும், பள்ளிக்கு மீண்ட பிள்ளையை ஒதுக்காது அணைத்துக்கொள்ளும் ஆசிரியரும் சிகிச்சையில் பங்காளிகளே. பம்பாய் ஆலைப் பெண்களிடம் தொடங்கி மெம்பிஸ்வரை நீண்ட ஆராய்ச்சி, நம் கையில் ஒரு சிறு குளிசையாக வந்து சேர்ந்துள்ளது. அதனை உரிய நாளில், உரிய அளவில், உரிய காலம் முடியும்வரை கொடுப்பது நம் பொறுப்பு.