மைசூர் அரசியின் கையும் நம் உடலின் காவலும்

1805ஆம் ஆண்டளவில் தாமஸ் ஹிக்கி என்னும் அயர்லாந்து ஓவியர் மைசூர் அரண்மனைப் பெண்டிர் மூவரைத் தீட்டினார். வலப்புறம் நிற்கும் இளம் அரசி சேலைத் தலைப்பைச் சற்று விலக்கி, தம் மேற்கையைச் சுட்டுகிறார். அவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் துணைவி தேவஜம்மணி என்றும், அவர் காட்டுவது அம்மைத் தடுப்பூசி இட்ட இடம் என்றும் ஆய்வாளர் நைஜல் சான்சலர் விளக்குகிறார்.

அக்காலத்தில் பெரியம்மை கண்ட வீடுகளில் சாவும், பிழைத்தோர் சிலருக்குப் பார்வை இழப்பும் நேர்ந்தன. எட்வர்ட் ஜென்னர் 1796இல் கண்ட தடுப்பு முறை 1802இல் மும்பையை எட்டியது. ஒருவர் கைக்கொப்புளத்து நீரை எடுத்து அடுத்தவர் கையில் இடுவதே அன்றைய வழக்கம். முன்பின் அறியாதவர் உடலிலிருந்து வந்ததை ஏற்க மக்கள் தயங்கியதில் வியப்பில்லை. அரசியே ஏற்றுக்கொண்டார் என்ற செய்தி அத்தயக்கத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

அந்தக் கைக்குள் நிகழ்ந்தது என்ன? நம் உடலின் காவல் மூன்று அடுக்குகளைக் கொண்டது. தோல், மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலம், இரைப்பை அமிலம் ஆகியவை முதல் அடுக்கு. கோட்டை மதில் போன்றவை. மதிலைத் தாண்டி நுழையும் கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் இரண்டாம் அடுக்கு. காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவதும், காய்ச்சல் அடிப்பதும் இவை போரிடுவதன் அடையாளங்கள்.

மூன்றாம் அடுக்கு, ஒவ்வொரு பகைவனையும் தனித்தனியே அடையாளம் காண்பது. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் பி செல்கள், குறிப்பிட்ட கிருமியோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறும் டி செல்களில் சில, கிருமி புகுந்துவிட்ட செல்களை அழிக்கின்றன. சில, பிற அணுக்களுக்கு ஆணையிடுகின்றன. நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் இவை கூடும் பாசறைகள். தொண்டை புண்ணானால் கழுத்தில் நெறி கட்டுவது இதனால்தான்.

புதிய பகைவனுக்கு எதிராக இப்படை திரளச் சில நாட்கள் தேவை. பெரியம்மை உயிரைப் பறிக்க அந்தத் தாமதம் போதுமானதாக இருந்தது. ஆனால், ஒருமுறை போரிட்ட அணுக்களில் சில 'நினைவு செல்களாக' நெடுங்காலம் தங்குகின்றன. மாட்டம்மைக் கிருமி பெரியம்மைக் கிருமியை ஒத்தது. எனினும் தீங்கு குறைந்தது. அதனிடம் பழகிய உடல், கொடியதையும் விரைந்து அடையாளம் கண்டுகொண்டது. இன்றைய தடுப்பூசிகளும் இந்நினைவையே முன்கூட்டி உருவாக்குகின்றன. நாம் வங்கியில் இட்டுவைக்கும் சேமிப்பைப் போல, அது இடர் வரும் நாளில் கைகொடுக்கிறது.

இந்தியாவில் பெரியம்மை 1975இல் முடிவுக்கு வந்தது. உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. எல்லா நினைவும் ஒரே காலம் நீடிப்பதில்லை. ரண ஜன்னித் தடுப்பூசியின் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால் அதை மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைச் சேமிப்புப் புத்தகத்தோடு பத்திரமாக வைப்போம். நமக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் எந்த ஊசி எப்போது தேவை என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிவோம்.