இரு மடங்கு வேகம், நான்கு மடங்கு சாலை

பிளஸ் ஒன் இயற்பியல் படித்த எவரும் இயக்க ஆற்றலின் வாய்பாட்டைச் சொல்லிவிடுவார்: நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். அவரே கார் ஓட்டும்போது 80 கிலோமீட்டர் வேகத்தை 40-இன் இரு மடங்கு ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறார். வேலை, ஆற்றல் பாடத்தைக் கப்பியிலும் சாய்தளத்திலும் தொடங்காமல் பிரேக்கில் தொடங்கினால் என்ன? காய்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம். பிரேக் முழுதாகப் பிடித்தபின் 40-இல் வந்த கார் சுமார் 9 மீட்டரில் நிற்கும். 80-இல் வந்தது 36 மீட்டர் ஓடும். காரணம் சொல்ல வாய்பாடே வேண்டாம். பிடிக்கும் விசை மாறவில்லை. ஆகவே இரு மடங்கு வேகம் தணிய இரு மடங்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் சராசரி வேகமும் இரு மடங்கு. எனவே தூரம் நான்கு மடங்கு. அந்த விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதே வேலை. காரின் ஆற்றலைக் கரைத்து, பிரேக்கிலும் டயரிலும் சூடாக்கி விடுவது அதுதான்.

இந்தத் தெளிவு சுலபமாகக் கிடைத்ததல்ல. டெகார்ட் வழிவந்தவர்கள் நிறையை வேகத்தால் பெருக்கியதையே இயக்கத்தின் அளவாகக் கொண்டிருந்தார்கள். 1686-இல் லைப்னிட்ஸ் அதை மறுத்து, வேகத்தின் வர்க்கத்தை முன்வைத்தார். 1720-களில் லைடன் பேராசிரியர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். குண்டுகள் ஒரே பருமன், எடை மட்டும் வேறு. எடை பாதியானால் உயரத்தை இரட்டித்தால் போதும், குழி ஒன்றுபோலவே விழுந்தது. விழும் வேகம் இரட்டிக்க உயரம் நான்கு மடங்காக வேண்டும் என்பது கலிலியோ காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. ஆக, களிமண் லைப்னிட்ஸ் பக்கம் சேர்ந்தது. எமிலி டு ஷாட்லே 1740-இல் வெளியிட்ட இயற்பியல் நூலில் இந்தக் கட்சிக்காக வாதாடினார். மறுப்பெழுதிய பாரிஸ் அறிவியல் கழகச் செயலாளர் மேரானுக்கு அச்சிலேயே பதிலடியும் கொடுத்தார்.

அப்படியானால் டெகார்ட் கட்சி வெறும் பிழையா? இல்லை. விசையை நேரத்தால் பெருக்கினால் வருவது உந்தமாற்றம். உந்தம் வேகத்தோடு நேர்விகிதத்தில்தான் கூடுகிறது. நம் கார்கள் நிற்க எடுக்கும் நேரம் 1.6 விநாடி, 3.2 விநாடி, சரியாக இரு மடங்கு. ஓட்டுநரின் உள்ளுணர்வு பொய்யல்ல, அது கடிகாரத்தைப் பார்க்கிறது, அவ்வளவே. ஆனால் சாலையைக் கடப்பவர் இத்தனை விநாடி தள்ளி நிற்பதில்லை, இத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார்.

ஏ.பி.எஸ். வந்தபின் இதெல்லாம் பழங்கணக்கு என்பவர்கள் உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து, ஸ்டியரிங்கை ஓட்டுநர் வசம் வைத்திருப்பது அதன் சேவை. சாலை தராத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது. மழையில் குணகம் பாதியானால் எல்லாத் தூரமும் இரட்டிக்கும், நான்கு மடங்கு என்ற விகிதம் அசையாது. இதையும் பாருங்கள்: ஒரே கோட்டில் இரு கார்கள் பிரேக் பிடிக்கின்றன, ஒன்று 60-இல், மற்றது 80-இல். முதல் கார் நின்ற இடத்தில் இரண்டாவதன் வேகம் என்ன? பலர் 20 என்பார்கள். உண்மையில் 53. அதன் ஆற்றலை 64 பங்கு என்று வைத்தால் அதுவரை கரைந்தது 36. 28 பங்கு இன்னும் மிச்சம். இதில் பிரேக்கைத் தொடுமுன் கழியும் ஒரு விநாடியைச் சேர்க்கவில்லை. 80-இல் அது 22 மீட்டர், 40-இல் 11. ஓட்டுநர் போடும் இரு மடங்குக் கணக்கு பலிக்கும் தூரம் அது மட்டுமே.